அனுமதியின்றி உயர்ந்த சுவர்

கிள்ளானில் ஒருவர் தன் வீட்டு மதிற்சுவரை உயர்த்த வேண்டுமென்றால் எந்த மனுவை எந்த முகப்பில் கொடுக்க வேண்டும், யார் வந்து அளப்பார், அளந்தவரின் மேசையில் அது எத்தனை காலம் தூங்கும் என்பதையெல்லாம் என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நகராண்மைக் கழகத்தின் கட்டட அனுமதிப் பிரிவில் தலை நரைத்தவன் நான். ஆகவே பக்கத்து வீட்டு லிம், என்னையும் கேட்காமல் கழகத்தையும் கேட்காமல், எங்கள் இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரை உயர்த்திக்கொண்டிருக்கிறார் என்று நான் கண்டுபிடித்த காலையில் எனக்கு வந்தது கோபமா, பழைய உத்தியோகம் திரும்பக் கிடைத்த உற்சாகமா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

அது கிழக்குச் சுவர். பணி ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து, விடியுமுன் ஒரு குவளை பாலில்லாத கோப்பி ஓவுடன் கார் நிறுத்துமிடத்தில் பிரம்பு நாற்காலியைப் போட்டு அந்தச் சுவரைப் பார்த்து உட்காருவது என் வழக்கம். அவ்வளவுதான். விளக்கில்லை, மந்திரமில்லை, மூச்சைப் பிடிப்பதில்லை. முதலில் சுவரின் விளிம்பு கறுப்பாகத் தெரியும். அதற்கு மேல் சாம்பல் நிறம் கசியும். லிம் வீட்டு ரம்புத்தான் மரத்தின் இலைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தனித்தனி இலைகளாகும். பிறகு, எப்போது என்று பிடிக்கவே முடியாத ஒரு கணத்தில், வெளிச்சம் சுவரைத் தாண்டிக் குதித்து என் பாதத்தில் விழும். ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நிற்பார்களே, அப்படி எனக்குள் ஏதோ ஒன்று தினமும் எழுந்து நிற்கும். அதற்கு நான் பெயர் வைத்ததில்லை. பெயர் வைத்தால் யாராவது சங்கம் தொடங்கிவிடுவார்கள்.

அதே நேரத்தில் உள்ளே என் மனைவி புவனா சாமியறையில் மணி அடிப்பாள்.

"உள்ள வந்து ஒரு கற்பூரம் காட்டுனா என்ன, கை தேஞ்சிருமா?"

"உன் சாமி உள்ள இருக்காரு, என் சாமி வெளிய வராரு. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல டூட்டி. நான் என்ன பண்றது?"

இந்த உரையாடல் எங்கள் வீட்டுச் சுப்ரபாதம்.

சுவர் உயர்வதற்குச் சில நாட்கள் முன்பு வேறொன்று நடந்தது. இருட்டில் உட்கார்ந்திருந்தபோது வலக்கண்ணின் ஓரத்தில் ஒரு மின்னல் வெட்டியது. வளைந்த கீற்று, வெள்ளி நிறம், சத்தமில்லை. வானத்தைப் பார்த்தேன்; மழைக்கான அறிகுறியே இல்லை. தலையைத் திருப்பினேன், மறுபடி வெட்டியது. மறுநாளும் வந்தது. கூடவே கொசுக்குஞ்சுகள் போலக் கரும்புள்ளிகள் மிதந்தன. அவற்றுக்கு ரம்புத்தான் மரத்தைக் குற்றம் சொல்லிவிட்டு, மின்னலைப் பற்றி மட்டும் புவனாவிடம் சொன்னேன். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிக் கும்பிட்டதில்லை.

"இத்தன வருஷம் சும்மா உக்காந்திருந்ததுக்கு ஜோதி காட்டிட்டாங்க பாருங்க."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் நான் அன்று நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உண்மையில் எனக்குப் பிடித்திருந்தது. ஒருவேளை இருக்கலாமே என்று தோன்றியது. எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்த பெண்கள் என் நாற்காலியைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி புதுக் கார் சாவியை நீட்டி அதில் விபூதி வைத்துத் தரச் சொன்னாள். வைத்தேன். அந்தக் கார் இதுவரை எங்கும் இடிபடவில்லை என்று கேள்வி.

பிறகுதான் சுவர். ஒரு காலை அதன் விளிம்பு வழக்கத்தைவிடச் சற்று மேலே இருந்தது. அடுத்த காலை இன்னும் மேலே. ரம்புத்தான் மரத்தின் கீழ்க்கிளை மறைந்தே போனது. விடிந்ததும் விடியாததுமாக வெளி வாசலில் நின்று லிம்மைக் கூப்பிட்டேன். லிம் சீனர், தமிழர்கள் நிறைந்த ரப்பர்த் தோட்டம் ஒன்றின் கடைக்காரருடைய மகன். என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். அரைக்கால் சட்டையோடு வந்தார்.

"லிம், சுவருக்கு அனுமதி வாங்குனீங்களா?"

"எந்தச் சுவரு?"

"ராத்திரியில கட்டுறீங்களே, அந்தச் சுவரு."

"அங்கிள், எனக்கு முதுகு வலி. சட்டி தூக்கவே முடியல, சுவரு கட்டுறேனா? சும்மா இரு லா."

சத்தம் கேட்டுப் புவனா வந்தாள். சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னங்க, சுவரு அப்படியேதானே இருக்கு."

இங்கே என் கண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் இடக்கண் பிறவியிலேயே சோம்பேறி. அதற்கு வெளிச்சம் தெரியும், உருவம் தெரியும். எழுத்து தெரியாது, முகம் தெரியாது. வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தது வலக்கண் மட்டுமே. அப்போது என்ன தோன்றியதோ, வலக்கண்ணைக் கையால் மூடினேன். இடக்கண்ணில் மங்கலாகச் சுவர் தெரிந்தது; பழைய உயரம். கையை எடுத்தேன், உயர்ந்தது. மூடினேன், இறங்கியது. லிம்மின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு வாய் இல்லை, மோவாய் இல்லை. அந்தக் கறுப்பு அவரையும் பாதி மறைத்திருந்தது.

சுவர் எழும்பிக்கொண்டிருந்தது என் கண்ணுக்குள்.

லிம் உள்ளே ஓடிக் கார்ச் சாவியோடு வந்தார். "ஏறு அங்கிள். கம்ப்ளெய்ண்டு அப்புறம் எழுதலாம்."

கோலாலம்பூரில் அரசாங்கப் பெரிய மருத்துவமனையின் கண் பிரிவுக்குள் நுழைந்ததும் என் தன்னம்பிக்கை திரும்பியது. முதலில் எந்த முகப்பு, எண் சீட்டை எங்கே எடுப்பது, ஓய்வூதியர் அட்டையை யாரிடம் காட்டுவது என்று புவனாவுக்கும் லிம்முக்கும் வகுப்பெடுத்தேன். பக்கத்தில் இருந்த செமினி ஊர்க்காரர் ஒருவர் தவறான வரிசையில் நின்றிருந்தார், அவரையும் திருத்தினேன். கண்மணியை விரியச் செய்யும் சொட்டு மருந்து விட்டார்கள். அதை விட்டால் வெளிச்சமெல்லாம் தேங்காய்த் துருவல் போலச் சிதறித் தெரியும். பிறகு டாக்டர் கவிதா என்ற இளம்பெண் என்னைச் சாய்த்துப் படுக்கவைத்து, சுரங்கத் தொழிலாளியைப் போல நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு, மேலே பார், கீழே பார், ஓரம் பார் என்று எட்டுத் திசைக்கும் என் கண்ணை ஓட்டினார். நிறைய நேரம் பார்த்தார்.

"அங்கிள், கண்ணுக்குப் பின்னால விழித்திரைன்னு ஒண்ணு இருக்கு. சுவத்துல ஒட்டுன தாள் மாதிரி. உங்களுக்கு மேல் பக்கம் அது கிழிஞ்சிருக்கு. அந்த ஓட்ட வழியா தண்ணி பூந்து தாளச் சுவத்துலேருந்து உரிக்குது."

"மேல கிழிஞ்சா எனக்கு ஏன் கீழ இருட்டு?"

"கண்ணுக்குள்ள படம் தலைகீழாத்தான் விழும். நடு இடம் இன்னும் ஒட்டிக்கிட்டுதான் இருக்கு. எழுத்து, முகம் எல்லாம் அந்த நடு இடந்தான். அது பிரிஞ்சிட்டா அப்புறம் ஒட்டுனாலும் பழைய மாதிரி வராது." இடக்கண்ணைக் காட்டி, "இன்னொரு கண்ணு எப்படி?" என்றார்.

"அது எப்பவும் எம்சியில இருக்கு, மெடிக்கல் லீவுல."

அவர் சிரிக்கவில்லை.

"சரி, நான் போய் அறுவை சிகிச்சைக்கு நம்பர் எடுக்கணும். எந்த முகப்பு, புதுசா மாத்தியிருக்காங்களா?"

"நம்பர் வேணாம் அங்கிள். கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

அந்தக் கணத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அரசாங்கத்தில் வரிசையில்லாமல் உள்ளே விடுகிறார்கள் என்றால், ஒன்று நீங்கள் அமைச்சர், இல்லை உங்கள் நிலைமை மோசம்.

புவனா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்ப அந்த ஜோதி, டாக்டர்?"

"அது விழித்திரை இழுபடுறது ஆன்டி. அதுக்கு வலி தெரியாது. இழுத்தாலும் அடிச்சாலும் வெளிச்சம்னு மட்டுந்தான் சொல்லத் தெரியும்."

புவனா என்னிடம் திரும்பி, "சாமி சரியாத்தான் சொல்லியிருக்கு. நமக்குத்தான் வெளங்கல," என்றாள். பதில் வைத்திருப்பது நான் மட்டுமல்ல.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்ணோரத்தில் மின்னல் வெட்டினால், புள்ளிகள் மழையாய்ப் பெய்தால், ஓரத்திலிருந்து இருட்டு ஏறினால், விபூதியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

சிகிச்சையை விழித்திருக்கும்போதே செய்தார்கள். கண்ணை மட்டும் மரக்கவைத்தார்கள். கண்ணுக்குள் நிறைந்திருக்கும் பசையை உறிஞ்சி எடுத்து, உரிந்த திரையைப் படியவைத்து, கிழிசலைச் சுற்றி லேசர் ஒளியால் பற்றவைத்து, அந்தப் பசைக்குப் பதில் ஒருவகை வாயுவை உள்ளே அடைப்பார்கள். அந்த வாயுக் குமிழி மிதந்து திரையைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பயந்து செத்துவிடுவேன் என்று எண்ணியிருந்தேன். ஆனால் அங்கே கண்டதை எப்படிச் சொல்வேன்! பச்சை ஆறுகள் ஓடின. ஊதா நிறப் புகை சுழன்றது. மீன்கள் போல ஏதோ நிழல்கள் வந்து போயின, அவை கருவிகளாம். ஒரு கட்டத்தில் "ஆகா" என்றே சொல்லிவிட்டேன்.

"அங்கிள், வலிக்குதா?"

"இல்ல டாக்டர், நல்லா இருக்கு. நீங்க பாட்டுக்குச் செய்ங்க."

இருக்கும் ஒரே கண்ணை ஒருவர் குடைந்துகொண்டிருக்கும்போது உள்ளத்தில் இத்தனை களிப்பு வரலாமா என்று தெரியவில்லை. வந்தது.

தண்டனை பிறகுதான். குமிழி எப்போதும் மேலே மிதக்கும். அது கண்ணின் பின்புறத்தை அழுத்த வேண்டுமென்றால் முகம் தரையைப் பார்த்திருக்க வேண்டும். உண்ணும்போதும் உறங்கும்போதும் குனிந்த தலை நிமிரக் கூடாது. விமானம் ஏறக் கூடாது, மலை ஏறக் கூடாது. உயரத்தில் குமிழி விரிந்து கண்ணைக் கெடுத்துவிடும் என்று மணிக்கட்டில் பட்டை கட்டிவிட்டார்கள். வார்டில் எங்களைப் போலக் குனிந்தவர்கள் பலர். அங்கே யாருக்கும் யார் முகமும் தெரியாது. செருப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டோம். என் பக்கத்துக் கட்டிலில் நீல ரப்பர்ச் செருப்பு. அதற்குச் சொந்தக்காரர் காப்பார் கடலோரத்தில் மீன் பிடிக்கும் மலாய்க்காரர். பாக்சிக், மலாயில் மாமா, என்று எல்லாரும் அழைத்தார்கள்.

முதல் விடியலில் எனக்கு விழிப்பு வந்தது. பழக்கம் விடவில்லை, கிழக்கைத் தேடினேன். வார்டில் எல்லா நடைமுறையும் தெரிந்த எனக்குக் கிழக்கு எங்கே என்று தெரியவில்லை. தாதியிடம் கேட்டால் கழிப்பறை எங்கே என்று சொன்னாள். நீலச் செருப்பிலிருந்து மலாயில் குரல் வந்தது.

"கிழக்கு எதுக்குத் தம்பி?"

"தினமும் சூரியன் வரும்போது சும்மா உட்காருவேன்."

"சும்மாவா?"

"சும்மா."

நீலச் செருப்பு என் பக்கம் திரும்பியது. பிறகு, "மேலே கூரையில் அம்புக்குறி இருக்கும், தொழுகைக்குத் திசை காட்ட. எனக்கும் பார்க்க முடியாது. நேற்றே தாதியைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். சன்னலுக்கு இந்தப் பக்கம். இங்கிருந்து மெக்கா மேற்கு. அப்படியானால் உன் ஆள் எனக்குப் பின்னாலிருந்து வருவார்," என்றார்.

அவர் கட்டிலில் அம்புக்குறியைப் பார்த்து அமர்ந்து தொழுதார். தலை ஏற்கெனவே குனிந்திருந்தது. நான் என் கட்டிலில் எதிர்த்திசை பார்த்து உட்கார்ந்தேன். முதுகுக்கு முதுகு. சூரியனும் இல்லை, சுவரும் இல்லை, கால் பெருவிரல் மட்டும் இருந்தது. இருந்தாலும், வெளிச்சம் தரையில் நிறம் மாறி என் விரல் நகத்தில் ஏறியபோது, உள்ளே அந்தப் பழைய ஆள் எழுந்து நின்றான். நான் அத்தனை காலமும் அவன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறான் என்றே நினைத்திருந்தேன்.

"வந்தாரா?" என்றது நீலச் செருப்பு.

"வந்தார்."

"எனக்கும் முடிந்தது. இனி ரொட்டி எப்போது வரும் என்று கேள். அதுதான் இங்கே யாருக்கும் தெரியவில்லை."

கட்டணம் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஓய்வூதியருக்கு அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. அதற்காகத்தானே அவ்வளவு காலம் முத்திரை குத்தினேன்.

வீட்டுக்கு அனுப்பியபோதும் குனிந்திருக்கும் தண்டனை தொடர்ந்தது. லிம் காரில் பின்னிருக்கையில் முழங்காலைப் பார்த்தபடி வந்த எனக்குத் திடீரென்று சேகர் நினைவு வந்தது. சேகர் பிரிக்ஃபீல்ட்ஸில் உடம்பு பிடித்துவிடுபவர், பிறவியிலேயே பார்வையற்றவர். அவருடைய கட்டிலில் முகம் புதைக்க ஓட்டை இருக்கும். லிம்மிடம் காரை அங்கே திருப்பச் சொன்னேன். புவனா போய் அவரை அழைத்து வந்தாள். கோல் தட்டும் ஓசை கார்க் கதவருகே நின்றது.

"யாரு, சார் நீங்களா? சத்தம் ஏன் கீழேருந்து வருது?"

நடந்ததைச் சொன்னேன். சுவர்க் கதையைக் கேட்டுச் சேகர் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒட்டலன்னா என்ன ஆகும் சார்?"

"உங்க பக்கத்துல கடை போட வேண்டியதுதான்."

"இடமில்ல சார். ஏற்கெனவே போட்டி ஜாஸ்தி. அதுவுமில்லாம உங்க கை ரப்பர் ஸ்டாம்பு குத்துற கை, கஸ்டமர் முதுகு தாங்காது." பிறகு குரல் தாழ்ந்தது. "பழைய மடக்குக் கட்டில் ஒண்ணு இருக்கு. எடுத்துட்டுப் போங்க. திருப்பிக் குடுக்கறப்ப நீங்களே ரோட்டத் தாண்டி நடந்து வந்து குடுக்கணும். ஆள் அனுப்பக் கூடாது."

அந்தக் கட்டிலை லிம்மும் புவனாவும் கார் நிறுத்துமிடத்தில், தலைமாடு கிழக்குச் சுவரைப் பார்த்திருக்கும்படி விரித்தார்கள். மறுநாள் விடியுமுன் கவிழ்ந்து படுத்து ஓட்டைக்குள் முகத்தை வைத்தேன். சிமெண்டுத் தரை தெரிந்தது. தரை சாம்பலாயிற்று. அவ்வளவுதான். எனக்குத் தெரியாமல் பெருமூச்சு வந்துவிட்டது போலும். உள்ளே அடித்துக்கொண்டிருந்த மணி நின்றது.

புவனா வந்தாள். கையில் சாமியறைத் தாம்பாளம், நிறையத் தண்ணீர். அதைத் தரையில் என் முகத்துக்கு நேர் கீழே வைத்தாள்.

"என்ன தெரியுது?"

"என் மூஞ்சி மாதிரி ஒரு நிழல்."

"அதப் பாத்து யாரு விழிக்கிறது." குந்தி உட்கார்ந்து தாம்பாளத்தைக் கிழக்கே மெல்லத் தள்ளினாள். "இப்ப?"

"கட்டிலோட விளிம்பு."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்... இன்னும்... புவனா, நிறுத்து!"

தாம்பாளத்தில் வானம் இருந்தது. வலக்கண் குமிழிக்குள் வெறும் பால்வெள்ளை. என் சோம்பேறி இடக்கண்தான் பார்த்தது. அதற்குத் தெரிந்த ஒரே பாடம் வெளிச்சம். சாம்பல், பிறகு ரோசா, பிறகு தண்ணீர் முழுக்கப் பொன். மைனாவோ என்னவோ, ஒரு நிழல் அதன் குறுக்கே பறந்தது. நான் கத்தியே விட்டேன். புவனா எழுந்து போகவில்லை. தரையிலேயே உட்கார்ந்து, தண்ணீர் அசையாமலிருக்கத் தாம்பாளத்தின் விளிம்பைப் பிடித்திருந்தாள். அன்று உள்ளே மறுபடி மணி அடிக்கவில்லை. அதற்கு அடுத்த நாட்களிலும் அவள் முதல் டூட்டி வெளியேதான்.

பரிசோதனைக்குப் போனபோது திரை இதுவரை படிந்திருக்கிறது, இனி நிமிர்ந்து உட்காரலாம் என்றார் டாக்டர் கவிதா. குமிழி மெதுவாகக் கரையும், அந்த இடத்தைக் கண்ணே நீரால் நிரப்பிக்கொள்ளும், நடு இடம் தப்பியதா என்பது அது இறங்கிய பிறகுதான் தெரியும் என்றார். "நேர்க்கோடு ஏதாவது பாருங்க அங்கிள். அது வளைஞ்சு நெளிஞ்சு தெரிஞ்சா உடனே சொல்லுங்க."

நேர்க்கோட்டுக்கு நான் எங்கே போவேன்? நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டேன்.

பால்வெள்ளையின் உச்சியில் ஒரு காலை ஒரு கோடு தோன்றியது. கொத்தனார் வைக்கும் ரசமட்டத்தில் நீர்க்குமிழி ஆடுமே, அதுபோல நான் தலையசைத்தால் ஆடியது. கோட்டுக்கு மேலே ஒரு கீற்று வானம், தெளிந்த வானம். கண்ணுக்குள் எல்லாம் தலைகீழ் என்பதால் எனக்கு உலகம் மேலிருந்து கீழே திரும்பக் கிடைத்தது. முதலில் வானம் மட்டும். பிறகு மின்கம்பி. ஒரு நாள் ரம்புத்தானின் உச்சி இலை. இரவில் படுக்கும்போதே அடுத்த காலையை எண்ணிச் சின்னப் பிள்ளை மாதிரிக் குதூகலித்தேன். நாளைக்கு எந்தக் கிளை? கோடு இறங்க இறங்க அதற்குச் சமமாகப் பயமும் இறங்கி வந்தது. அடுத்து சுவர். அது நெளிந்திருந்தால்?

அந்தக் காலையில் கண்ணை இறுக மூடிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தேன். இமைமேல் வெளிச்சம் படுவதற்காகக் காத்திருந்தேன். பிறகு இடக்கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வலக்கண்ணைத் திறந்தேன்.

சுவரின் விளிம்பு. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, என் உத்தியோக காலத்தில் நான் அளந்த எந்தச் சுவரையும்விட நேராக. அதன்மேல் லிம் வைத்திருந்த கற்றாழைச் சட்டி, சட்டியில் ஒரு விரிசல், விரிசலில் ஊரும் எறும்பு. எறும்பு!

"புவனா! சுவரு இறங்கிருச்சு! புவனா!"

அவள் கையிலிருந்த மணியோடு ஓடி வந்தாள். ஓட்டத்தில் அது கண்டபடி அடித்தது. "நேரா இருக்கா? நல்லாப் பாருங்க, நேரா இருக்கா?"

"நேரா இருக்கு. அனுமதிச்ச உயரம்!"

சுவருக்கு மேலே லிம்மின் தலை எழும்பியது. வாய், மோவாய் எல்லாம் இருந்தன. "அப்ப அப்ரூவ்டா அங்கிள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் வெளிச்சம் சுவரைத் தாண்டிக் குதித்து என் பாதத்தில் விழுந்தது. இந்த முறை உள்ளே இருப்பவனை மட்டும் எழவிட மனம் வரவில்லை. நானே எழுந்து நின்றேன்.